செவர்லே 216: கிராங்கில் ஓட்டையே இல்லாமல் ராட் பேரிங்குக்கு ஆயில் எப்படிப் போகிறது?

கிரீஸ்கை | 4 ஜூன், காலை 7.12

1951 செவர்லே 3100 பிக்கப், 216 கன அங்குல ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஆயில் சேம்பர் இறக்கியாச்சு. ரெண்டு விஷயம் பிடிபடல. கிராங்கில் (பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியா மாத்துற தண்டு) ராட் (பிஸ்டனை கிராங்கோட இணைக்கிறது) உட்காரும் பின் எதிலயும் ஆயில் ஓட்டை இல்ல. மெயின் ஜர்னலில் (கிராங்க் பிளாக்கில் உட்கார்ந்து சுத்துற இடம்) இருந்து பின்னுக்குத் துளை போன தடமும் இல்ல. அடுத்தது, கழட்டுறதுக்கு முன்னாடி ஆயில் அழுத்த கேஜ் சூடான ஐட்லிங்கில் 4 பிஎஸ்ஐ, ஓட்டத்தில் 14. அதுக்கு மேல முள் ஏறவே இல்ல. பம்ப் போச்சு, ஸ்பிரிங்கை மாத்தி 20டபிள்யூ-50 ஊத்தினா சரியாயிடும்னு பட்டறையில சொல்றாங்க. வேற இன்ஜின் கிராங்கை யாராவது மாட்டிட்டாங்களா?

ஒயிட்மெட்டல் | 4 ஜூன், காலை 9.40

கிராங்க் அந்த இன்ஜினுக்கு உரியதுதான். 216-ல் ராட் பின்னுக்கு அழுத்தத்தில் ஆயில் போகாது. 1937 முதல் 1953 வரை வந்த எல்லா 216-க்கும் இதே ஏற்பாடு.

பம்ப் தரும் ஆயில் பிளாக்கின் இடது பக்கம் இருக்கும் ஆயில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் (கரண்ட் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வேறு, அது வலது பக்கம்). அங்கிருந்து வழி பிரிகிறது. ஒரு கிளை நாலு மெயின் பேரிங்குக்கும் கேம்ஷாஃப்ட் பேரிங்குக்கும் அழுத்தத்தில் போகும். ராக்கருக்கு (வால்வை அமுக்கும் கை) மேலே ஏறும் மெல்லிய குழாயும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. இன்னொரு கிளை சேம்பருக்குள் இறங்கி ஆறு நாசிலுக்குப் போகும்.

சேம்பருக்குள் தடுப்புத் தட்டின் மேல், ஒவ்வொரு ராடுக்கும் நேர் கீழே ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது பாருங்கள். ராட் கேப்பின் அடியில் அகப்பை மாதிரி ஒரு டிப்பர். ஐட்லிங்கிலும் மெதுவான ஓட்டத்திலும் டிப்பர் தொட்டியில் முங்கி ஆயிலை அள்ளிக்கொள்ளும், அது கேப்பின் துளை வழியாக பேரிங்குக்கு ஏறும். வேகம் கூடினால் நாசிலில் இருந்து பீச்சும் ஆயில் எழும்பி, எதிரே வரும் டிப்பரின் வாயில் நேராக அடிக்கும். டிப்பர் வரும் வேகமும் தாரையின் வேகமும் சேர்ந்து ஆயிலை உள்ளே தள்ளும். சுழற்சி கூடக் கூட அந்தத் தள்ளலும் கூடும். சிலிண்டர் சுவர், பிஸ்டன் பின், கேம் முகடு எல்லாம் இந்தச் சிதறலில்தான் நனைகின்றன.

14 பிஎஸ்ஐ இந்த இன்ஜினுக்கு முழு அளவு. கிலோ கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. அதனால்தான் டேஷில் உள்ள கேஜே 0-30. நாசிலும் டிப்பரும் பார்க்கும் வரை பம்பைத் தொட வேண்டாம், ஸ்பிரிங்கையும் தொட வேண்டாம்.

மூணரைடன் | 4 ஜூன், மதியம் 1.05

ஸ்பிரிங் விஷயத்தை இன்னும் அழுத்திச் சொல்லணும். அந்த டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கு. மெயின் லைனில் அழுத்தம் ஏறினதும் அது விலகி நாசில் பக்கம் ஆயிலைத் திறந்துவிடும். கெட்டி ஸ்பிரிங் போட்டாலோ, பழசை இழுத்து நீட்டினாலோ, அடியில வாஷர் வெச்சாலோ வால்வு லேட்டா திறக்கும். கேஜ் முள் 20-க்கு ஏறும், பார்க்க நல்லா இருக்கும். ராடுக்குப் போற தாரை அந்த அளவுக்குக் குறையும். கேஜ் காட்டுறது மெயின் பேரிங் லைனை மட்டும்தான், ராட் பேரிங்கோட நிலைமை அதுக்குத் தெரியவே தெரியாது. முழு அழுத்த இன்ஜின்ல (ராட் பேரிங் வரைக்கும் அழுத்தத்துல ஆயில் போறது) கை பழகினவங்க இந்த இடத்துலதான் 216-ஐக் கெடுக்கிறாங்க.

கிரீஸ்கை | 4 ஜூன், இரவு 8.30

அப்போ ஐட்லிங்கில் 4 காட்டுறது?

மூணரைடன் | 4 ஜூன், இரவு 9.02

சூடான ஐட்லிங்னா கவலை வேண்டாம். ரேஸ் கொடுத்ததும் முள் உடனே எழுந்து 12-14-ல நிக்குதான்னு பாருங்க. மெதுவா, தயங்கித் தயங்கி ஏறினா பம்ப் கவர், மெயின் பேரிங், கேஜுக்குப் போற காப்பர் டியூப் இந்த மூணுல ஒண்ணு. முதல்ல டியூபைக் கழட்டி ஊதுங்க. எழுபது வருஷக் கசடு அதுல அடைச்சு நிக்கும். அப்புறம் வேற ஒரு 0-30 கேஜை நேரா பிளாக்குல மாட்டி ஒப்பிடுங்க. 0-100 கேஜ் வெச்சுப் பார்த்தா 14-க்கும் 9-க்கும் வித்தியாசமே தெரியாது.

அலையும்ஆயில் | 5 ஜூன், காலை 6.48

தொட்டியில் முங்கி அள்ளுற ஏற்பாடுன்னா, டிப்ஸ்டிக் அளவுக்கு மேல ஒரு லிட்டர் கூட ஊத்தி வெச்சா தொட்டி எப்பவும் நிறைஞ்சிருக்கும் இல்லையா? பழைய டிரைவர்கள் அப்படித்தான் ஓட்டுவாங்கன்னு கேள்வி.

ஒயிட்மெட்டல் | 5 ஜூன், காலை 8.15

கூடாது. தொட்டி இருக்கும் தட்டு, சேம்பர் அடியில் நிற்கும் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. தொட்டியை நிரப்புவது நாசிலும் மேலிருந்து வழிந்து இறங்கும் ஆயிலும்தான். அளவுக்கு மேல் ஊற்றினால் மட்டம் தட்டைத் தொடும், கிராங்க் எடைக்கட்டைகள் அதை அடித்து நுரையாக்கும். நுரையை பம்ப் இழுத்தால் நாசிலில் வருவது பாதி காற்று. ராட் காய்வதற்கு அது போதும். மீதி ஆயில் ரிங் வழியாக மேலேறிப் புகையும்.

கொள்ளளவு 5 அமெரிக்க குவார்ட், அதாவது 4.7 லிட்டர். ஃபில்டர் டப்பா இருந்தால் அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். குறைவாக ஊற்றினாலும் ஆபத்துதான், ஆனால் காரணம் வேறு. தொட்டி வற்றுவதற்கு முன்னாலேயே மேட்டிலும் திருப்பத்திலும் பம்பின் வாய் காற்றைப் பிடித்துவிடும்.

பித்தளைக்குழாய் | 5 ஜூன், மாலை 5.20

சேம்பர் இறங்கியிருப்பதால் நாசில் வேலையை இப்போதே முடித்துவிடுங்கள். இது வரிசையோடு செய்ய வேண்டியது.

சேம்பரை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தொட்டித் தட்டின் அடியில் படிந்த கருப்புக் கசடைச் சுரண்டி எடுங்கள். மேலே பளபளவென்று இருந்தாலும் தட்டுக்குக் கீழே களிம்பாக உட்கார்ந்திருக்கும். ஆறு நாசிலையும் மெல்லிய பித்தளைக் கம்பியால் குத்தி, பிறகு கம்ப்ரஸர் காற்று. ஸ்டீல் கம்பியும் டிரில் பிட்டும் வேண்டாம். ஒரு நாசிலின் துளை பெரிதானால் மற்ற ஐந்தின் பங்கை அது தின்றுவிடும்.

பிறகு சேம்பரைச் சமமாக வைத்து, நாசில் குழாயின் வாயில் தண்ணீர் ஹோஸைப் பொருத்தித் தண்ணீர் விடுங்கள். ஆறு தாரையும் தெரியும். கம்பெனி சர்வீஸில் இதற்கென்றே சேம்பர் மேல் வைக்கும் குறிவளையம் உண்டு, தாரை அதன் துளை வழியாகப் போக வேண்டும். அது கிடைக்காவிட்டால், ஒரே ஹோஸ் அழுத்தத்தில் ஆறும் ஒரே உயரத்துக்கு எழும்புகிறதா, ஒரே சாய்வில் போகிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்று மட்டும் பக்கவாட்டில் விலகினால் நாசிலை மெதுவாக வளைத்துத் திருத்தலாம். பழைய பித்தளை, ஒரே இழுப்பில் ஒடிந்து கையோடு வந்துவிடும், பொறுமை வேண்டும். தாரை கலைந்து விசிறியாகத் தெறித்தால் துளையின் விளிம்பில் நசுங்கல் அல்லது கசடு இருக்கிறது.

ராட் பக்கம்: டிப்பரின் திறந்த வாய் கேம்ஷாஃப்ட் பக்கம் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் கிராங்க் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. கீழே வரும்போது டிப்பர் வண்டியின் வலப்பக்கம், அதாவது கேம்ஷாஃப்ட் பக்கம் போகும். வாய் அந்தப் பக்கம் இருந்தால்தான் அள்ளும். திருப்பி மாட்டிய ராட், இன்ஜின் சூடேறுவதற்குள் ஒயிட் மெட்டலை (பேரிங்கில் வார்த்த மென்மையான உலோகம்) உருக்கிவிடும்.

கிரீஸ்கை | 6 ஜூன், காலை 7.30

பார்த்தேன். 5-ம் நம்பர் ராடின் டிப்பர் லேசா வளைஞ்சிருக்கு. நுனியில தேய்ஞ்ச பளபளப்பு. அதுக்கு நேர் கீழ தொட்டியோட ஓரத்துலயும் கீறல். மத்த அஞ்சும் வாய் சரியா கேம் பக்கம் பார்க்குது. 5-ம் நம்பர் நாசில் தாரை மத்ததை விட அரை உயரம்தான் வருது.

ஒயிட்மெட்டல் | 6 ஜூன், காலை 8.55

டிப்பர் தொட்டியைத் தொட்டிருக்கிறது. சேம்பருக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் தட்டு மேலெழும்பி இப்படி ஆகும். சேம்பரின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், உள்வாங்கிய வட்டம் ஒன்று இருக்கும். அதை உள்ளிருந்து மரச் சுத்தியலால் தட்டி எடுத்து, தொட்டியின் உயரத்தை மற்ற ஐந்தோடு ஒப்பிடுங்கள். சேம்பர் விளிம்பில் ஒரு நேர்ப்பட்டையைக் குறுக்கே வைத்து, தொட்டி விளிம்பு வரை ஆழ அளவு எடுத்தால் போதும். காஸ்கெட் தடிப்பையும் கணக்கில் சேருங்கள். தடித்த கார்க் காஸ்கெட்டை இரட்டையாகப் போட்டால் சேம்பர் கீழே இறங்கும், டிப்பர் தொட்டியை எட்டாது.

வளைந்த டிப்பரை நிமிர்த்தி நம்பாதீர்கள். 5-ம் ராட் கேப்பைக் கழற்றி ஒயிட் மெட்டலைப் பாருங்கள்.

கிரீஸ்கை | 6 ஜூன், மாலை 6.10

கழட்டினேன். வெடிப்பு இல்ல, உதிரவும் இல்ல. நடுவுல மங்கலான சாம்பல் பட்டை, அதுல நகம் வெச்சா தட்டாத அளவுக்கு மெல்லிய கோடுகள். கேப்பைப் பூட்டி ராடை மேல கீழ ஆட்டினா ஆட்டம் தெரியுது.

ஒயிட்மெட்டல் | 6 ஜூன், இரவு 9.25

மெட்டல் தப்பியிருக்கிறது. பின்னை மைக்ரோமீட்டரால் மேல்-கீழ், பக்கம்-பக்கம் இரண்டு திசையிலும் அளந்து நீள்வட்டம் ஆகவில்லை என்று உறுதி செய்த பிறகு ஷிம் வேலை.

கேப்பின் இரு பக்கமும் 0.002 அங்குல ஷிம்கள் (மெல்லிய தகடுகள்) அடுக்கி இருக்கும். ஒரு பக்கம் ஒன்றை எடுத்து முறுக்கு அளவுக்கு இறுக்கி ராடை ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மறுபக்கம் ஒன்று. இப்படி மாறி மாறி எடுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ராட் பின்னைக் கவ்வும். அப்போது கடைசியாக எடுத்த ஷிம்மைத் திரும்ப வைத்து இறுக்குங்கள். மேல்-கீழ் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆனால் ராடைக் கையால் பின்னின் நீளவாக்கில் தள்ளினால் டக்கென்று நகர வேண்டும். நகரவில்லை என்றால் ஆயில் படலத்துக்கு இடமே இல்லை.

ஷிம் தீர்ந்து போனதென்று கேப்பை அரம் போட்டுத் தேய்க்கும் பழக்கம் பல பட்டறையில் உண்டு. அன்றோடு அந்த ராடின் வட்டம் போய்விடும். ஷிம் தீர்ந்தால் ஒயிட் மெட்டல் புதிதாக வார்த்து, பின் அளவுக்குக் கடைய வேண்டும். வேறு வழி கிடையாது.

அலையும்ஆயில் | 7 ஜூன், காலை 7.05

இவ்வளவு தொல்லை எதுக்கு? ஷெல் பேரிங் (தனியா மாத்துற பேரிங் ஓடு) போட்ட ராட் கிடைக்குதாமே, அதைப் போட்டா கவலை விட்டுது.

மூணரைடன் | 7 ஜூன், காலை 7.50

ஷெல் போட்டாலும் கிராங்கில் ஓட்டை வந்துடாது தம்பி. ஆயில் அதே டிப்பர், அதே நாசில் வழியாதான் வரணும். பேரிங் மாறும், ஆயில் வர்ற பாதை மாறாது. முழு அழுத்தம் வேணும்னா கிராங்கைத் துளைச்சு, பம்பை மாத்தி, நாசில் கிளையை அடைச்சு... அந்தச் செலவுக்கு செவர்லேவோட 235 கன அங்குல இன்ஜின் ஒண்ணைத் தேடி வாங்கிடலாம். 1954-ல இருந்து வந்த 235-ல கிராங்க் துளை, ஷெல் பேரிங், 0-60 கேஜ் எல்லாம் கம்பெனியே கொடுத்தது. 1955-க்கு அப்புறம் வந்ததுல வாட்டர் பம்ப் உயரம் மாறும், ஃபேன் ரேடியேட்டருக்கு நடுவுல வராது, இடைத்தட்டு போடணும். அடையாளம்: 216-ன்னா பக்கவாட்டு புஷ் ராட் கவர் உயரமா ஹெட் வரைக்கும் ஏறும், மேல் கவர் நடுவுல ரெண்டு நட்டு. புது 235-ன்னா பக்கக் கவர் குட்டை, மேல் கவர் ஓரத்துல நாலு ஸ்குரூ.

பித்தளைக்குழாய் | 7 ஜூன், காலை 10.15

மேலே சொன்ன அடையாளத்தில் ஒரு திருத்தம். 1941 முதல் 1953 வரை பெரிய லாரிகளுக்கு வந்த 235-ம் டிப்பர் இன்ஜின்தான், அதிலும் உயரமான பக்கக் கவர். 235 என்ற எண்ணைக் கேட்டதும் முழு அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு வாங்கினால் பணம் போய்விடும். 1953-ல் ஆட்டோமேட்டிக் கியர் உள்ள கார்களின் 235-க்கு மட்டும் முழு அழுத்தம் வந்தது. அடுத்த ஆண்டுதான் லாரிக்கு.

மூணரைடன் | 7 ஜூன், காலை 10.40

ஆமா, அந்த லாரி 235-ஐச் சேர்த்துச் சொல்லியிருக்கணும். பார்த்து வாங்குங்க.

ஒரே ஜெனரல் மோட்டார்ஸ்ல, ஜிஎம்சி லாரிக்கு 1939-லயே 228-ல முழு அழுத்தமும் ஷெல் பேரிங்கும் கொடுத்துட்டாங்க. செவர்லே லாரிக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் கழிச்சு. வித்தை தெரியாம இல்ல, விலைதான். துளையில்லாத கிராங்க் மலிவு, சின்ன பம்ப் மலிவு.

கிரீஸ்கை | 7 ஜூன், இரவு 8.45

இந்தியாவுல இந்த இன்ஜின் எப்படி இவ்வளவு பரவிச்சு? இங்க பழைய மெக்கானிக்குங்க ஃபார்கோவைத்தான் அதிகம் பேசுறாங்க.

ஒயிட்மெட்டல் | 8 ஜூன், காலை 8.20

ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாய் சேவ்ரியில் அசெம்பிளி ஆலை போட்டது, 1954-ல் மூடியது. அது ஒரு வழி. போர்க்காலத்தில் கனடாவில் செய்த செவர்லே ராணுவ லாரிகளிலும் இதே 216-தான், போர் முடிந்ததும் ஏலத்தில் போனவை ஊருக்குள் ஓடின. டாட்ஜ், ஃபார்கோ பிரீமியர் கம்பெனி வழியாக வந்தவை. அவற்றின் சைடு வால்வு ஆறு சிலிண்டரில் துளைத்த கிராங்க், முழு அழுத்தம். 40 பிஎஸ்ஐ பார்த்துப் பழகிய கண்ணுக்கு 216-ன் 14 நோயாகத் தெரியும். உங்கள் பட்டறைக்காரரின் பயத்துக்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

அலையும்ஆயில் | 8 ஜூன், மாலை 4.30

ஆயில் எது? 20டபிள்யூ-50-தானே நம்ம வெயிலுக்கு.

பித்தளைக்குழாய் | 8 ஜூன், மாலை 6.55

இந்த இன்ஜினுக்கு வேண்டாம். கெட்டி ஆயிலில் கேஜ் ஏறும், நாசில் தாரை குட்டையாகும். டிப்பர் தொட்டியில் ஒரு தடவை அள்ளியதும், அடுத்த சுற்றுக்குள் அந்தப் பள்ளத்தை ஆயில் ஓடி வந்து மூட வேண்டும். கெட்டியான ஆயில் மூடுவதற்குள் டிப்பர் திரும்ப வந்துவிடும், வெற்றிடத்தைத்தான் அள்ளும். கம்பெனி காலத்துப் பரிந்துரை, உறைபனிக்கு மேலுள்ள குளிருக்கு எஸ்ஏஇ 20. நம் வெயிலுக்கு எஸ்ஏஇ 30, இல்லாவிட்டால் 10டபிள்யூ-30. அதற்கு மேல் போகக் கூடாது.

டிடர்ஜென்ட் ஆயில் பற்றிப் பயம் உண்டு. கசடைக் கரைத்து நாசிலில் கொண்டுபோய் அடைக்கும் என்பார்கள். சேம்பர் கழுவாத இன்ஜினுக்கு அந்தப் பயம் நியாயமானது. உங்களுடையது கழுவியாச்சு, தாராளமாக ஊற்றலாம். முதல் மாற்றத்தை மட்டும் 500 கிலோமீட்டரில் செய்யுங்கள்.

மூணரைடன் | 9 ஜூன், காலை 6.30

ராக்கரை யாரும் தொடலையே. சேம்பர் வேலை முடிஞ்சு இன்ஜின் அமைதியா ஓடுறப்ப மேல டிக் டிக்னு கேட்கும். 14 பிஎஸ்ஐயில மிஞ்சினதுதான் மேல ஏறுது. அந்த மெல்லிய காப்பர் குழாயில ஒரு மணல் அளவு கசடு போதும், பன்னெண்டு ராக்கரும் காஞ்சுடும். மேல் கவரைக் கழட்டி, சூடான இன்ஜினை ஐட்லிங்ல விட்டுப் பாருங்க. ஒவ்வொரு ராக்கர்லயும் ஆயில் கசிஞ்சு இறங்கணும். பீச்சி அடிக்காது, ஊறி வரும். ஒரு ஓரத்துல மட்டும் காய்ஞ்சிருந்தா ஷாஃப்டுக்குள்ள கசடு. ஷாஃப்டைக் கழட்டி முனை அடைப்பை எடுத்து, உள்ள பிரஷ் விட்டு இழுங்க. நாலு துளி ஆயில் மேல ஊத்திச் சமாளிக்கிறவங்க இருக்காங்க. ஷாஃப்டோட அடிப்பக்கம் பள்ளமாத் தேயறதுதான் மிச்சம்.

வெளியில இருந்து ராக்கருக்குத் தனிக் குழாய் இழுக்குற கிட் விக்குது. துளை கட்டுப்பாடு இல்லாத கிட்டைப் போட்டா மெயின் லைன் அழுத்தம் மேலேயே ஓடிப் போயிடும். உள் குழாயைத் திறக்க முடியவே முடியாதுன்னா மட்டும் போடுங்க.

பித்தளைக்குழாய் | 9 ஜூன், காலை 9.10

ஃபில்டரும் அதே கதை. 216-ல் ஃபில்டர் கூடுதல் சாமான், பைபாஸ் வகை. லைனில் போகும் ஆயிலில் ஒரு பங்கு மட்டும் ஃபில்டர் வழியாகச் சுற்றி சேம்பருக்குத் திரும்பும். அந்த யூனியனுக்குள் சின்னத் துளை இருக்கிறது. அதைத் தொலைத்துவிட்டுச் சாதா யூனியன் போட்டிருந்தால் கேஜ் 14-ஐ எட்டாது.

கிரீஸ்கை | 11 ஜூன், இரவு 9.50

5-ம் ராட் ஷிம் சரி பண்ணி, டிப்பர் நல்லா இருக்கிற வேற ராட் கேப்பை இதுல போடலாமா?

ஒயிட்மெட்டல் | 11 ஜூன், இரவு 10.20

வேறு ராடின் கேப் மட்டும் கூடாது. ராடும் கேப்பும் சேர்த்துக் கடைந்தவை, வட்டம் பொருந்தாது. டிப்பரை மட்டும் கழற்றிப் புதிது போடுங்கள். துளை நேராக உட்கார்ந்ததா என்று கேப் வழியாக வெளிச்சம் பார்த்து உறுதி செய்யுங்கள். அது முடியாவிட்டால் ராடும் கேப்பும் ஜோடியாக மாற்றுங்கள். மாற்றும் ராடின் எடையை மற்றவற்றோடு நிறுத்துப் பாருங்கள்.

பித்தளைக்குழாய் | 12 ஜூன், காலை 7.40

சேம்பர் ஏற்றும்போது ஆறு தொட்டியையும் ஆயிலால் நிரப்பி ஏற்றுங்கள். இதை விட்டால் முதல் ஸ்டார்ட்டில் டிப்பருக்கு அள்ள எதுவும் இருக்காது.

பிறகு பம்பை உயிர்ப்பிக்க வேண்டும். பம்பைச் சுற்றுவது கரண்ட் டிஸ்ட்ரிபியூட்டரின் அடி நாக்கு. முதல் சிலிண்டரின் பிஸ்டனை டாப்பில் (உச்சியில்) நிறுத்தி, ரோட்டர் பார்க்கும் திசையை பிளாக்கில் குறித்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுங்கள். நீளமான தட்டை ஸ்குரூ டிரைவர் கம்பியை டிரில்லில் மாட்டி, பம்ப் தண்டின் பிளவில் விட்டு கடிகாரத் திசையில் மெதுவாகச் சுற்றினால் முள் எழும். எழவில்லை என்றால் பம்ப் காய்ந்திருக்கிறது. கவரைக் கழற்றிப் பல்சக்கரத்துக்குள் வாசலின் அடைத்து மூடுங்கள். கிரீஸ் வேண்டாம், அது கரையாமல் நாசிலுக்குப் போகும். அப்போதே பம்ப் கவரையும் பாருங்கள். சக்கரம் அரைத்த வட்டத் தடம் நகத்தில் தட்டினால், கண்ணாடி மேல் எமரித்தாள் வைத்துத் தடம் மறையும் வரை தேய்க்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப இறக்கும்போது நாக்கு பம்பின் பிளவில் விழாமல் ஒரு விரல் கனம் மேலே நிற்கும். கிளாம்ப்பை இறுக்கி அமுக்கக் கூடாது. தண்டைக் கொஞ்சம் திருப்பி நேர்ப்படுத்தினால் தானாக விழும்.

மூணரைடன் | 12 ஜூன், மதியம் 2.15

ஓட்டும் வேகத்தையும் சொல்லிடறேன். 3100-ல பின் ஆக்சில் 4.11. 6.00-16 டயர்ல மணிக்கு 80 கிலோமீட்டர்னா இன்ஜின் சுமார் 2,450 சுற்று. 95-ன்னா 2,900. கொஞ்ச நேரம் 95 போனா ஒண்ணும் ஆகாது. நாற்கரச் சாலையில மணிக்கணக்கா அதே வேகத்துல விரட்டினா ஆயில் சூடேறி இளகும், ஒயிட் மெட்டலும் இளகும். 75-ல வெச்சு ஓட்டுங்க. ஏத்தத்துல டாப் கியர்லயே திணற விடுறது அதை விட மோசம். சுத்து கம்மி, தாரை கம்மி, பேரிங் மேல பாரம் முழுசு. ஒரு கியர் இறங்கிடுங்க.

கிரீஸ்கை | 15 ஜூன், மாலை 6.35

டிப்பர் மாத்தி, சேம்பர் ஏத்தி, 10டபிள்யூ-30 ஊத்தி ஸ்டார்ட் பண்ணியாச்சு. சூடான ஐட்லிங்கில் 5, ரேஸில் 14. சத்தம் இல்ல. ராக்கர் பன்னெண்டுலயும் ஆயில் ஊறுது. மேல் கவர் மூடியில இருந்து மட்டும் லேசா புகை வருது, ஓடும்போது நின்னுடுது.

ஒயிட்மெட்டல் | 15 ஜூன், இரவு 8.05

ஆவிக் குழாய் காற்றோட்டத்தில் இழுக்கும் வகை. வண்டி ஓடினால்தான் இழுக்கும், நின்றால் ஆவி மூடி வழியாக வெளியே வரும். மூடிக்குள் இருக்கும் கம்பி வலையை மண்ணெண்ணெயில் அலசி, ஆயிலில் ஒரு முறை முக்கி வடிய விட்டு மாட்டுங்கள். குழாயின் அடிமுனை சேறு அடைத்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். ஐட்லிங்கில் மணிக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள், சேம்பரில் தண்ணீரும் கசடும் சேர்வது அப்போதுதான்.